எவர் தயவுமின்றி – 6: பத்து நாள் முந்திய ராணுவம்

இதுவரை...

1956-ல் சூயஸ் கால்வாயில் இறங்கிய பிரெஞ்சுப் படை, அமெரிக்கா போட்ட அதட்டலில் திரும்பி வந்தது. பாரிஸில் அந்தக் காயம் ஆறவே இல்லை. 1960 பிப்ரவரி 13 அன்று சகாரா பாலைவனத்தில் ரெகான் என்ற இடத்துக்கு அருகே பிரான்ஸ் தன் முதல் அணுகுண்டை வெடித்தது. 1962 டிசம்பரில் பஹாமஸ் தீவில் நடந்த நாஸோ சந்திப்பில், பிரிட்டனுக்கு போலாரிஸ் ஏவுகணைகளைத் தர அமெரிக்க அதிபர் கென்னடி சம்மதித்தார். அதே சலுகையை பிரான்ஸுக்கும் நீட்டினார். 1963 ஜனவரி 14 அன்று பத்திரிகையாளர்களைக் கூட்டிவைத்து, வேண்டாம் என்றார் அதிபர் சார்ல் தெ கோல்.

வாங்கிய ஏவுகணைக்குப் பூட்டு நம் வீட்டில் இருக்கும், சாவி வேறொருவர் சட்டைப்பையில் இருக்கும். அதுதான் அவருடைய அச்சம்.

வேண்டாம் என்று சொல்லியாயிற்று. மாற்று என்ன?

* * *

குண்டு கையில் இருந்தது. அதைச் சுமந்துசெல்ல மிராஜ்-4 விமானங்கள் 1964 அக்டோபரில் பணிக்கு வந்தன. முழுக்க பிரான்ஸிலேயே செய்தவை. டாசோ நிறுவனத்தின் கைவண்ணம்.

ஒரே ஒரு சிக்கல். சோவியத் மண்ணின் உட்பகுதியை எட்ட வேண்டுமானால் அவற்றுக்கு நடுவானில் எரிபொருள் ஊற்ற வேண்டும். ஊற்றும் விமானம் பிரான்ஸிடம் கிடையாது. ஆகவே போயிங் நிறுவனத்தின் டாங்கர் விமானங்கள் பன்னிரண்டை அமெரிக்காவிடமிருந்து வாங்கினார்கள்.

அமெரிக்காவைச் சாராத அணு ஆயுதப் படை, அமெரிக்க விமானம் வந்து எரிபொருள் ஊற்றினால்தான் இலக்கை அடையும். பிரெஞ்சு வரலாற்று நூல்கள் பலவும் இந்த இடத்தை விரைவாகக் கடந்துவிடும். நாம் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஏனென்றால் இந்த அத்தியாயம் முழுவதும் இதே முரண்தான் வேறு வேறு உருவில் வரப்போகிறது.

விமானத்தை நம்பி நெடுநாள் ஓட்ட முடியாது என்று ராணுவத்துக்குத் தெரியும். தேவை, ஏவுகணை.

* * *

அதற்காக 1959-லேயே ஒரு நிறுவனம் பிறந்திருந்தது. பெயர் செரெப். ஏவுகணைகளை ஆராய்ந்து உருவாக்குவது அதன் வேலை. தொடக்கத்தில் அங்கிருந்தவர்களின் எண்ணம் எளிமையானது. அமெரிக்க நிறுவனங்களிடம் தொழில்நுட்பத்தைக் கேட்டு வாங்குவோம், இங்கே செய்துகொள்வோம்.

வாஷிங்டன் கதவைத் திறக்கவில்லை.

செரெப்பின் பொறியாளர்களுக்கு எல்லாவற்றையும் அடியிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. திட எரிபொருளை எப்படி வார்ப்பது, பறக்கும் ராக்கெட்டை எப்படித் திருப்புவது, ஓர் அடுக்கு எரிந்து முடிந்ததும் அடுத்ததை எப்படிப் பிரிப்பது, வளிமண்டலத்துக்குள் திரும்ப நுழையும் முனை எரிந்துபோகாமல் எப்படிக் காப்பது. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு சோதனை ராக்கெட் என்று பிரித்துக்கொண்டார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ரத்தினத்தின் பெயர்.

தமிழில் சொன்னால் நமக்கு நன்றாகவே பழகிய பெயர்கள்: புஷ்பராகம், மரகதம், மாணிக்கம், நீலம். இவற்றுக்கெல்லாம் முன்னால் அகேட் என்று ஒரு சிறிய கல்.

பெயர் அலங்காரமாக இருந்தாலும் பின்னால் இருந்த எண் கறாரானது. ஒவ்வொரு ராக்கெட்டுக்கும் மூன்று இலக்கம். முதல் இலக்கம் எத்தனை அடுக்கு என்று சொல்லும். இரண்டாவது எரிபொருளைச் சொல்லும்: 1 என்றால் திடம், 2 என்றால் திரவம், 3 என்றால் இரண்டும் கலந்தது. மூன்றாவது, ராக்கெட் தன்னைத் தானே திருப்பிக்கொள்ளுமா என்பது: 0 என்றால் இல்லை, 1 என்றால் ஆம். அகேட் 110. புஷ்பராகம் 111. மரகதம் 121. மாணிக்கம் 210. நீலம் 231.

இந்த எண்களை வரிசையாகப் படித்தாலே அவர்கள் ஏறிய படிகள் தெரியும். ஒரே தாவலில் மாடிக்குப் போக எவரும் ஆசைப்படவில்லை. ஒரு ராக்கெட்டில் ஒரு புதுக் கஷ்டம், அவ்வளவுதான்.

இங்கேதான் திருப்பம்.

மரகதத்தின் மேல் புஷ்பராகத்தை வைத்தால் நீலம் வரும். அது ஏற்கெனவே திட்டத்தில் இருந்தது. அதன் மேல் மாணிக்கத்தின் மேலடுக்கையும் வைத்தால்? கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். மூன்று அடுக்கு ராக்கெட். ஒரு சிறிய செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் விடும் அளவுக்கு வேகம் கிடைக்கும். எப்படியும் ஏவுகணைக்காகச் செய்தே ஆக வேண்டிய பாகங்கள். கூடுதல் செலவு கொஞ்சம்தான்.

செரெப்பின் தொழில்நுட்ப இயக்குநர் ரோஜே ஷெவாலியேவும் அவருடைய குழுவும் இதை அரசிடம் கொண்டுபோனார்கள். தெ கோலுக்கு இதைவிட இனிப்பான செய்தி இருந்திருக்க முடியாது. ரஷ்யாவும் அமெரிக்காவும் மட்டுமே செய்த வேலை அது. ஒப்புதல் கிடைத்தது. 1961 டிசம்பர் 19 அன்று க்னெஸ் என்ற தேசிய விண்வெளி ஆய்வு மையத்துக்கான சட்டமும் நிறைவேறியது.

மூன்று அடுக்கு ராக்கெட்டுக்கு வைத்த பெயர், வைரம்.

பிரான்ஸின் விண்வெளிக் கதையை அறிவியல் தாகத்தில் தொடங்கி எழுதுபவர்கள் உண்டு. வைரம் ராக்கெட்டைப் பொறுத்தவரை அது உண்மை அல்ல. அணுகுண்டு சுமக்கும் ஏவுகணைக்கான ஒத்திகையில் உபரியாகக் கிடைத்தது அது.

* * *

மரகதத்துக்கு மட்டும் வேறொரு பூர்வீகம் உண்டு.

மற்ற அடுக்குகள் திட எரிபொருளில் ஓடுபவை. மரகதம் திரவத்தில் ஓடுவது. நைட்ரிக் அமிலமும் டர்பன்டைனும். ஆம், நம் ஊரில் பெயின்ட்டைக் கரைக்க ஊற்றும் அதே டர்பன்டைன். நார்மண்டியில் பாரிஸுக்கு மேற்கே உள்ள வெர்னோன் என்ற ஊரின் காட்டோரத்தில் இதன் எஞ்சின் உருவானது. அங்கே 1946-ல் ராணுவம் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தது. அதில் வேலை பார்க்க வந்தவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் ஜெர்மானியர்கள்.

ஹிட்லருக்காக வி-2 ராக்கெட் செய்தவர்கள். போர் முடிந்ததும் அமெரிக்கா வான் பிரவுனைக் கூட்டிக்கொண்டு போனது, ரஷ்யா தன் பங்கை அள்ளியது. மிச்சத்தில் ஒரு பகுதி பிரான்ஸுக்கு வந்தது. கார்ல்-ஹைன்ஸ் பிரிங்கர் அவர்களில் ஒருவர். நான்கு ஆண்டுகள் நாட்டை ஆக்கிரமித்திருந்த எதிரியின் பொறியாளர்களுக்கு, போர் முடிந்த மறு ஆண்டே சம்பளமும் வீடும் கொடுத்து வைத்துக்கொண்டது பிரான்ஸ். வெர்னோனில் இருந்து முதலில் வந்தது வெரோனிக் என்ற ஆய்வு ராக்கெட். 1963 அக்டோபர் 18 அன்று பெலிசெத் என்ற பூனை அதில் ஏறி விண்வெளியைத் தொட்டு உயிரோடு திரும்பியது. அந்த வழியில் வளர்ந்ததுதான் மரகதத்தின் எஞ்சின்.

இந்த வெர்னோனுக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1970-களில் இஸ்ரோவின் பொறியாளர் குழு அங்கே தங்கி, பிரான்ஸின் வைக்கிங் எஞ்சின் வேலையில் கலந்துகொண்டு, அந்த நுட்பத்தைக் கற்றுவந்தது. குழுவை வழிநடத்தியவர் நாகர்கோவிலில் பிறந்த நம்பி நாராயணன். பின்னாளில் பி.எஸ்.எல்.வி.யைத் தூக்கிய விகாஸ் எஞ்சினின் வேர் அங்கே இருக்கிறது. அது இன்னொரு தொடருக்கான கதை.

மரகதத்துக்கு வருவோம். 1964-ல் அதைப் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். முதல் ஏவல் தோல்வி. இரண்டாவதும் தோல்வி. மூன்றாவதும்.

வைரத்தின் அடித்தட்டே அதுதான். அது நிற்காவிட்டால் மேலே எத்தனை மணிகளை அடுக்கி என்ன பயன்? நான்காவது மரகதம் 1965-ன் தொடக்கத்தில் பறந்தது. ஐந்தாவதும் வென்றது. மூன்று தோல்வி, இரண்டு வெற்றி. இந்த மதிப்பெண்ணோடுதான் அதே ஆண்டு நவம்பரில் செயற்கைக்கோளை ஏற்றத் துணிந்தார்கள்.

ஏன் இத்தனை அவசரம்?

* * *

காரணம் ஒன்று: நிலம் சொந்தமில்லை.

பிரான்ஸின் ஏவுதளம் ஹம்மகீர். அல்ஜீரியாவின் கொலோம்-பெஷார் நகரத்துக்குத் தென்மேற்கே சுமார் 120 கிலோமீட்டரில், கல்லும் மணலும் தவிர எதுவுமில்லாத மேட்டு நிலம். ராக்கெட் விடுவதற்கு அதைவிட வசதியான இடம் அமையாது. கிழக்கே ஆளில்லாத பாலைவனம் விரிந்து கிடக்கிறது, எரிந்து விழும் அடுக்கு எவர் தலையிலும் விழாது.

ஆனால் அது அல்ஜீரிய மண். ஏழு ஆண்டுகளுக்கும் மேல் நடந்த விடுதலைப் போருக்குப் பின் 1962 மார்ச் 18 அன்று எவியான் நகரில் உடன்பாடு கையெழுத்தானது. ஜூலையில் அல்ஜீரியா சுதந்திர நாடு. உடன்பாட்டில் ஒரு சிறு பிரிவு: சகாராவில் உள்ள சோதனைத் தளங்களை பிரான்ஸ் இன்னும் ஐந்து ஆண்டுகள் பயன்படுத்திக்கொள்ளலாம்.

1967 நடுப்பகுதியில் பெட்டியைக் கட்டிவிட வேண்டும். நாள்காட்டி ஓடிக்கொண்டிருந்தது.

காரணம் இரண்டு, உள்வீட்டுச் சண்டை. இதுதான் சுவாரஸ்யமானது.

க்னெஸ் மையத்தின் அறிவியலாளர்கள் எப்.ஆர்-1 என்ற செயற்கைக்கோளைச் செய்துவைத்திருந்தார்கள். மிகத் தாழ்ந்த அதிர்வெண் ரேடியோ அலைகளை ஆராயும், அக்கறையாகச் செய்த ஓர் அறிவியல் கருவி. அதை ஏவ ஒப்புக்கொண்டது நாசா. கலிபோர்னியாவின் வாண்டன்பர்க் தளத்திலிருந்து, அமெரிக்காவின் ஸ்கௌட் ராக்கெட்டில். தேதி டிசம்பர் 6 வாக்கில்.

இதே வாஷிங்டன்தான் 1964 ஏப்ரலில் ஒரு ரகசிய உத்தரவு பிறப்பித்திருந்தது. பிரான்ஸ் அணு ஆயுதம் ஏவும் திறனை வளர்த்துக்கொள்ள உதவும் எந்தத் தகவலும் கருவியும் அமெரிக்காவிலிருந்து போகக் கூடாது என்பது அதன் சாரம். அறிவியல் என்றால் வாருங்கள், ஏற்றி அனுப்புகிறோம். ஏவுகணை என்றால் ஒரு திருகாணிகூட இல்லை. அமெரிக்காவின் பக்கத்திலிருந்து பார்த்தால் இதில் முரண்பாடே கிடையாது. சவாரி கொடுக்கலாம், வண்டி செய்யச் சொல்லித்தரக் கூடாது.

ராணுவத்தின் செயற்கைக்கோள் ஏ-1. ‘ஏ’ என்பது ராணுவத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் முதல் எழுத்து. செய்தது மாத்ரா நிறுவனம். எடை சுமார் 40 கிலோ. அறிவியல் என்று அதில் எதுவும் இல்லை. வைரம் ராக்கெட் சரியாக வேலை செய்ததா என்று தரைக்குச் சொல்ல ஒரு ரேடியோ, ரேடாருக்குப் பதில் கொடுக்க ஒரு கருவி. அவ்வளவே.

இப்போது யோசியுங்கள். எப்.ஆர்-1 முதலில் போய்விட்டால் பிரான்ஸின் முதல் செயற்கைக்கோளை அமெரிக்கா ஏற்றிவிட்டது என்றுதான் வரலாறு எழுதும். பிரிட்டனுக்கும் கனடாவுக்கும் 1962-ல் அதுதான் நடந்தது. இத்தாலியின் சான் மார்கோவும் 1964 டிசம்பரில் அமெரிக்க ராக்கெட்டில்தான் ஏறியது. அந்த வரிசையில் நான்காவதாக பிரான்ஸ் நிற்பதா?

போதாக்குறைக்கு டிசம்பர் 5 அன்று அதிபர் தேர்தல். மக்கள் நேரடியாக வாக்களிக்கும் முறை வந்தபின் நடக்கும் முதல் தேர்தல். தேர்தலுக்காகவே ஏவல் தேதியைக் குறித்தார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. முழுதாக நம்ப முடியவில்லை. மூன்று முறை கவிழ்ந்த அடித்தட்டை வைத்துக்கொண்டு தேர்தலுக்கு முன் வாணவேடிக்கை நடத்த எந்த ஆலோசகரும் துணியமாட்டார். வெடித்துச் சிதறினால் யாருக்கு லாபம்? ஆனால் தேதியைத் தள்ளிவைக்கவும் ஒருவரும் துடிக்கவில்லை என்பது நிச்சயம்.

* * *

1965 நவம்பர் 26. வெள்ளிக்கிழமை.

ஹம்மகீரில் பிரிஜித் என்று பெயரிட்ட ஏவுதளம். அதில் கிட்டத்தட்ட 19 மீட்டர் உயரத்தில் வைரம். ஏறத்தாழ 18 டன். ரஷ்ய, அமெரிக்க ராக்கெட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தால் குச்சி போலத் தெரியும்.

மூன்று அடுக்குகளையும் சேர்த்து இதுவரை பறக்கவிட்டதே இல்லை. இது ஒத்திகை அல்ல, நேரடி மேடை. எட்டு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவின் வான்கார்ட் ராக்கெட் இப்படித்தான் முதல் முயற்சியில் தொலைக்காட்சி காமிராக்களின் முன்னால் ஏவுதளத்திலேயே தீப்பிழம்பானது. அங்கிருந்த அனைவருக்கும் அது நினைவிருக்கும்.

பாரிஸ் நேரப்படி பிற்பகல் 3 மணி 47 நிமிடம்.

மரகதம் மூண்டது.

முதல் ஒன்றரை நிமிடம்தான் உயிர் போகும் நேரம். சென்ற ஆண்டு மூன்று முறை காலை வாரிய அடுக்கு இது. அமிலமும் டர்பன்டைனும் சீராக எரிந்தன. ராக்கெட் நேராக ஏறியது. எரிபொருள் தீர்ந்தது, மரகதம் கழன்று பாலைவனத்தை நோக்கி விழுந்தது.

புஷ்பராகம் மூண்டது. திட எரிபொருள். திரும்பும் நான்கு முனைகளால் தன்னைத் திருத்திக்கொண்டே பறந்தது. முக்கால் நிமிடத்தில் அதுவும் முடிந்தது.

அதன்பின் எஞ்சின் எதுவும் எரியாத ஒரு நீண்ட இடைவெளி. எறிந்த கல் உச்சிக்குப் போவதுபோல ராக்கெட்டின் மேல்பாகம் வேகத்தின் மிச்சத்திலேயே ஏறிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் அது தன் முகத்தை அடிவானத்துக்கு இணையாகச் சாய்த்துக்கொள்ள வேண்டும். சாய்வில் பிழை வந்தால் செயற்கைக்கோள் பூமியை நோக்கித்தான் பாயும்.

கடைசி அடுக்கான மாணிக்கத்துக்கு மூளை கிடையாது. தன்னைத் திருப்பிக்கொள்ளத் தெரியாது. ஆகவே அதை வேகமாகச் சுழலவிட்டு, அந்தச் சுழற்சியே அதைத் திசை மாறாமல் பிடித்துக்கொள்ளும்படி செய்திருந்தார்கள்.

சுழன்றது. பிரிந்தது. மூண்டது.

அணைந்தபோது, ஏ-1 பூமியைச் சுற்றத் தொடங்கியிருந்தது. மிகத் தாழ்வான இடத்தில் சுமார் 530 கிலோமீட்டர், மிக உயரத்தில் சுமார் 1,700 கிலோமீட்டர். முதல் முயற்சியிலேயே.

சொந்த ராக்கெட்டில் சொந்தச் செயற்கைக்கோளை ஏவிய மூன்றாவது நாடு பிரான்ஸ்.

* * *

கட்டுப்பாட்டு அறைக்கு அந்த மகிழ்ச்சி முழுதாகக் கிடைக்கவில்லை.

வளிமண்டலத்தைக் கடக்கும்வரை செயற்கைக்கோளைக் காக்கும் மூக்குக் கவசம், கழன்று போகும்போது ஏ-1-ன் ஆன்டெனாக்களைச் சேதப்படுத்திவிட்டது. சமிக்ஞை சீக்கிரமே நின்றுபோனது. ராக்கெட் எப்படி வேலை செய்தது என்று சொல்வதற்காகவே அனுப்பிய செயற்கைக்கோள் வாயை மூடிக்கொண்டது.

மேலே இருக்கிறதா, விழுந்துவிட்டதா? பேசாத ஒரு பொருள் இருப்பதை ரேடார்தான் சொல்ல வேண்டும். உலகைச் சுற்றி அப்படிப்பட்ட கண்காணிப்பு வலையை விரித்து வைத்திருந்தவர்கள் யார் என்று சொல்லத் தேவையில்லை. விண்வெளியில் திரியும் பொருள்களுக்கெல்லாம் வரிசை எண் கொடுக்கும் அமெரிக்காவின் பட்டியலில் ஏ-1-ம் இடம்பெற்றது. எண் 1778. இன்றும் அதே எண்ணோடு அது பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

மக்களிடம் நிலைத்த பெயர் ஏ-1 அல்ல, ஆஸ்டெரிக்ஸ். ரோமப் பேரரசு உலகையே வளைத்தபின்னும் பணியாத, பழங்கால பிரான்ஸான கோல் நாட்டுக் கிராமம் ஒன்றின் குள்ள வீரன். கோசின்னியும் உதெர்ஸோவும் சேர்ந்து 1959-ல் தொடங்கிய படக்கதையின் நாயகன். அந்தக் காலத்து பிரான்ஸில் ரோமர்கள் என்றால் யார் என்று எந்தக் குழந்தையும் சொல்லும்.

பத்து நாள் கழித்து, டிசம்பர் 6 அன்று, எப்.ஆர்-1 கலிபோர்னியாவிலிருந்து கிளம்பியது. அது பேசியது, அளந்தது, அறிவியலுக்கு உருப்படியான தரவுகளை அனுப்பியது. ஆனால் பிரான்ஸின் முதல் செயற்கைக்கோள் எது என்று கேட்டால் பேசாததின் பெயரைத்தான் சொல்வார்கள்.

தேர்தல்? தெ கோலுக்கு முதல் சுற்றில் பாதி வாக்குகூட வரவில்லை. 44 சதவீதத்துக்குச் சற்று மேல். எதிர் வேட்பாளர் மித்தரானோடு இரண்டாம் சுற்றுக்குப் போய் டிசம்பர் 19 அன்றுதான் வென்றார். வானத்தில் ஏறிய வைரம் வாக்குப்பெட்டிக்குள் இறங்கவில்லை.

* * *

அதற்குப்பின் நிகழ்வுகள் வேகம் பிடித்தன. 1966 பிப்ரவரியில் இரண்டாவது வைரம் பறந்தது. இந்த முறை ஏற்றிச் சென்றது க்னெஸ் மையத்தின் சொந்தச் செயற்கைக்கோளை. மார்ச் மாதத்தில் நேட்டோவின் ஒருங்கிணைந்த ராணுவத் தலைமையிலிருந்து பிரான்ஸ் விலகுவதாக தெ கோல் அறிவித்தார். அமெரிக்கப் படைகள் பிரெஞ்சு மண்ணைவிட்டுப் போக வேண்டும் என்றார்.

அயல்நாட்டுப் படை தன் மண்ணில் இருக்கக் கூடாது என்று அவர் சொன்ன அதே நாளில், அவருடைய ராக்கெட்டுகள் அல்ஜீரியாவின் மண்ணில் நின்றுகொண்டிருந்தன. அல்ஜீரியர்களுக்கும் அதே நியாயம் உண்டு. கெடு முடிய ஓராண்டும் சில மாதங்களுமே பாக்கி.

ராணுவம் தன் வழியைப் பார்த்துக்கொண்டது. பிரான்ஸின் தென்மேற்குக் கரையில், பிஸ்கரோஸ் என்ற இடத்தில், அட்லாண்டிக்கை நோக்கி ஏவுகணைச் சோதனைத் தளம் தயாரானது. ஏவுகணைக்கு அது போதும். மேற்கே சுட்டால் கடலில் விழும்.

செயற்கைக்கோளுக்கு அது உதவாது. பூமி கிழக்கு நோக்கிச் சுழல்கிறது. அந்த வேகத்தை இனாமாகப் பெற வேண்டுமானால் ராக்கெட் கிழக்கே கிளம்ப வேண்டும். பிஸ்கரோஸுக்குக் கிழக்கே இருப்பது பிரான்ஸேதான், ஊரும் உலகமுமாக. அதோடு, நிலநடுக்கோட்டுக்கு எவ்வளவு பக்கமோ அந்த இனாம் அவ்வளவு பெரியது. ஹம்மகீர் ஏறத்தாழ 31 பாகை வடக்கில் இருந்தது. அதைவிட நல்ல இடம் தேடினால் நிலநடுக்கோட்டை நோக்கித்தான் இறங்க வேண்டும்.

இதுவரை ஒரே ராக்கெட்டைப் பகிர்ந்துகொண்ட ராணுவமும் விண்வெளி மையமும் இங்கே பிரிகின்றன.

வைரம் பறப்பதற்கு முன்பே க்னெஸ் தேடத் தொடங்கியிருந்தது. கிழக்கே திறந்த கடல், பக்கத்தில் துறைமுகம், புயலும் நிலநடுக்கமும் இல்லாத பூமி, நாளைக்கே வெளியேறு என்று சொல்லாத அரசு. இத்தனையும் பொருந்துமா என்று பார்க்க உலகெங்கிலும் 14 இடங்களைப் பட்டியலிட்டார்கள். செஷல்ஸ் இருந்தது. ஜிபூத்தி இருந்தது. மொகதிஷு, பிரேசிலின் பெலெம், ஆஸ்திரேலியாவின் டார்வின்.

நம் வாசகர்கள் நிமிர்ந்து உட்காரும்படி ஒரு பெயரும் இருந்தது: திருகோணமலை.

எட்டரைப் பாகை வடக்கு. கிழக்கே வங்கக் கடல், தடையே இல்லை. இயற்கையாக அமைந்த, உலகின் ஆழமான துறைமுகங்களில் ஒன்று. பிரிட்டிஷ் கடற்படை தன் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்துவிட்டுப் போனது 1957-ல். தாளில் பார்த்தால் கேட்டதெல்லாம் இருந்தது.

1964 ஏப்ரலில் பாரிஸ் தேர்ந்தெடுத்ததோ, தென் அமெரிக்காவின் வடகரையில் சதுப்புக்கும் காட்டுக்கும் நடுவே கிடந்த கூரூ என்ற சிற்றூரை. பிரெஞ்சுக்காரர்களுக்கு அந்தக் கரை பழக்கமானது ஒரே காரணத்தால்தான். எதிரே கடலில் தெரியும் தீவுகளுக்குத்தான் ஒரு நூற்றாண்டு காலம் தங்கள் கைதிகளைக் கப்பலேற்றி அனுப்பினார்கள்.

திருகோணமலை எந்த மேசையில், எந்தக் காரணத்தால் அடிபட்டது? கைதிகளின் கரைக்கு ராக்கெட் வந்து இறங்கியபோது, அங்கே ஏற்கெனவே பயிரிட்டு வாழ்ந்துகொண்டிருந்த குடும்பங்களை யார், என்ன சொல்லி எழுப்பினார்கள்?

(அடுத்த வாரம்)